இரண்டடி பின்னால்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் வாலுவும் சுகம்தானே? நாங்க ரெண்டு பேரும் சுகம். வீட்டுக்குள்ள வந்த மழைத்தண்ணி வடிஞ்சாச்சு. சுவர்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு மட்டும் மிச்சம். எவ்வளவு தேய்ச்சாலும் போகல.

போன்ல பேசாம இவ என்ன கடிதாசி போடறான்னு நினைப்பே. ரெண்டு ரூம் வீடு. எங்க நின்னு பேசினாலும் அவர் காதுல விழும். பதிலை நான் வேலை பார்க்கற லாண்டரி விலாசத்துக்கே போடு.

ஆல்பம் எல்லாம் கீழ் அலமாரியில இருந்துச்சு. போச்சு. பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா மேல்தோல் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியா உரிஞ்சு வருது. சிட்டுவோட ஒரு போட்டோகூடத் தேறல. நெகட்டிவ் கவரும் அதே அலமாரிதான். உனக்கு ஒண்ணாவது அனுப்பி வச்சிருக்கலாம். மாமா நேர்லயே வந்து பார்க்கட்டும்னு அனுப்பாமலே இருந்தேன். நீ லீவு வாங்கி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

மேல் அலமாரியில அவரோட பழைய கேமரா மட்டும் தப்பிச்சுது. கழுத்துல மாட்டிக்கிட்டு மேலேருந்து குனிஞ்சு பார்ப்பாரே, அந்தப் பெட்டிக் கேமரா. சிட்டு போனதுக்கப்புறம் அவர் அதைத் தொட்டதே இல்ல. துடைக்கலாம்னு எடுத்தா உள்ள பிலிம் இருக்கு. பதினோரு வருஷமா இருட்டுல அப்படியே கிடந்திருக்கு. அவர் எடுத்துட்டுப் போய்க் கழுவி வாங்கிட்டு வந்தார். எல்லாம் புகை மூட்டம் போட்ட மாதிரி. ஒரு பாலம், ஒரு மரம், யார் வீட்டு நாயோ ஒண்ணு. ஒரே ஒரு படத்துல நான். எனக்கு ரெண்டடி பின்னால சிட்டு.

நான் பளிச்சுன்னு இருக்கேன். அவ கலங்கிப்போயிருக்கா.

நெகட்டிவை இதோட வச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது. படத்தைச் சரி பண்றதுதானே உன் வேலை? அவ முகத்தைத் தெளிவாக்கிக் குடு அண்ணா. வேற எதுவும் கேட்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. என் மருமக வாலுவுக்கு ஒரு முத்தம், வேண்டாம்னு சொன்னாலும்.

உன் தங்கச்சி


ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

கடிதமும் நெகட்டிவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே மூவரும் நலம். என் முதுகுவலியையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் நால்வர். வாலு இப்போது கல்லூரி மாணவி, முத்தமெல்லாம் வாங்கும் நிலையில் இல்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போகிறாள்.

நெகட்டிவை ஸ்கேன் செய்து பார்த்தேன். சிட்டுவை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

உன்னிடம் சுற்றி வளைக்க மாட்டேன். தெளிவாக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன். எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தைத்தான் சரியாகப் பிடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் தெளிவு போலவே நம் கண்ணுக்குத் தோன்றும். அந்தக் கொஞ்ச தூரத்தை டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்போம், தெளிவின் ஆழம் என்று வைத்துக்கொள். மாப்பிள்ளையின் கேமராவில் பிலிம் பெரிது. வெளிச்சம் போதாமல் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார். பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த ஆழம் ஒரு ரொட்டித் துண்டு கனத்துக்குச் சுருங்கிவிடும். நீ அந்தத் துண்டுக்குள் இருக்கிறாய். அவள் இல்லை.

போனில் அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. மூக்கிலிருந்து மலை வரை எல்லாமே தெளிவாக விழும். பின்னால் மங்கலாகக் காட்டுவதெல்லாம் மென்பொருள் பிறகு போடும் திரை. விலக்கினால் உள்ளே ஆள் இருப்பார். பிலிமில் மங்கல் என்பது திரை இல்லையம்மா. வெளிச்சமே அப்படிச் சிதறித்தான் விழுந்தது. விலக்கிப் பார்க்கப் பின்னால் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ஒரு போனால் எடுத்திருந்தால் இருவருமே தெளிவாக இருந்திருப்பீர்கள். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் இன்னும் பெரிதாகத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? இருவரும் சுகம் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு. நாற்காலியை மாத்து. நான் நல்லா இருக்கேன். அவரும் நல்லா இருக்கார்.

நீ எழுதினதை லாண்டரியில துணி மடிக்கற மேசையில வச்சு நாலஞ்சு தடவை படிச்சேன். ரொட்டித் துண்டு புரிஞ்சுது. அதுக்குள்ள நான் எதுக்கு அண்ணா? என் புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரியுது. சட்டைப் பொத்தான்ல நூல் எத்தனை சுத்துன்னு எண்ணலாம். அது யாருக்கு வேணும்? அதுல நான் வேற பல்லைக் காட்டிட்டு இருக்கேன். என்னத்துக்குச் சிரிச்சேன்னு எனக்கே தெரியல. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே அறையணும் போல இருக்கு.

ஃபோகஸை அவ மேல வச்சிருக்கலாம். அவ்வளவுதான். ஒரு விரல் அளவு திருப்பியிருந்தா போதும்.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு அவ முகம் மறந்துட்டு வருது. ஆல்பம் இருந்த வரைக்கும் மறந்தா எடுத்துப் பார்த்துக்குவேன். இப்போ கண்ணை மூடினா ஃப்ராக் வருது, செருப்பு வருது, குரல் வருது. முகம் இருக்க வேண்டிய இடத்துல அந்தப் படத்துல இருக்கற கலங்கல்தான் வருது.

முடியாதுன்னு சொல்லாதே. எப்படியாவது பாரு.

அவர் ரெண்டு நாளா மேசை டிராயர்ல எதையோ தேடறார். நானும் கேட்கல, அவரும் சொல்லல.

உன் தங்கச்சி


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. ஒரு கைக்கடிகாரக் கம்பெனியின் விளம்பர வேலை கழுத்தை நெரித்துவிட்டது. வாரிலிருந்து முள் வரை ஓர் இடமும் மங்கக் கூடாதாம். ஃபோகஸை நூல் நூலாக நகர்த்திப் பல படம் எடுத்து, தெளிவான பாகங்களை மட்டும் ஒட்டி ஒரே படமாக்கினோம். உலகத்தில் எந்தக் கண்ணும் ஒரு கடிகாரத்தை அப்படிப் பார்த்திருக்காது.

இத்துடன் உன் படம் இருக்கிறது. ஆபீசில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. அதை வைத்து முயன்றேன். நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. எப்படி என்று விளக்கினால் நீளும்.

நெகட்டிவையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்குக் கோடிப் புண்ணியம். உன் முதுகுவலி, உன் ஆபீஸ், அந்த மென்பொருள் எல்லாம் நல்லா இருக்கட்டும்.

கவரைப் பிரிச்சதும் லாண்டரி ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டேன். கண்ணு, கன்னம், சின்னச் சின்னப் பல்லு, எல்லாம்! "யாரு, உன் பொண்ணா?"ன்னு முதலாளியம்மா எட்டிப் பார்த்தாங்க. ஆமான்னேன். எத்தனை வருஷம் கழிச்சு அந்த ஆமாம் என் வாயிலேருந்து வந்துச்சு, தெரியுமா?

பெரிசாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டிட்டேன். நாள் பூரா சிரிச்சுட்டே இருந்தேன். அவர் வேலை முடிஞ்சு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம அதுக்கு முன்னாடி நின்னார். அப்புறம் "காத்தாட நடந்துட்டு வர்றேன்"னு வெளிய போயிட்டார். அவர் எப்பவும் அப்படித்தானே.

அண்ணியையும் வாலுவையும் விசாரிச்சதா சொல்லு.

உன் தங்கச்சி


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ சந்தோஷமாக இருப்பது எங்களுக்கும் சந்தோஷம்.

ஒன்று சொல்லட்டுமா? அவ்வளவு பெரிதாக்கி மாட்ட வேண்டியதில்லை. நேர் வெயிலோ விளக்கோ பட்டால் வெளுத்துவிடும். சின்னதாக அலமாரிக்குள் வைத்துக்கொள்ளேன். எப்போதாவது பார்த்தால் போதும், தினமும் பார்க்க வேண்டும் என்றில்லை.

மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம்னு நம்பறேன். எனக்குச் சரியாத் தூக்கமில்லை. வேற நோவு ஒண்ணும் இல்ல.

எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ இப்போ நிறைய வர்றா. பாத்திரம் கழுவும்போது, பஸ்ல உட்கார்ந்திருக்கும்போது, துணிக்கு டோக்கன் கட்டும்போது. முன்னெல்லாம் முகம் இல்லாம வந்தவ, இப்போ அந்தப் படத்து முகத்தோட வர்றா. ஆசுபத்திரியில காய்ச்சலோட படுத்திருந்தாளே, அந்த நினைப்புலயும் அதே முகம்தான். காய்ச்சல்ல துடிக்கறா, ஆனா படத்துல இருக்கற மாதிரியே சிரிச்சுட்டுத் துடிக்கறா. நான் கையைப் பிடிச்சா, யாரோ வழி தெரியாம வந்த பொண்ணு மாதிரி என்னைப் பார்க்கறா.

சிட்டு சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும்னு நினைச்சுட்டு இருந்தேன். படத்துல ரெண்டு பக்கமும் விழுது. பத்து மாசம் சுமந்து மூணு வருஷம் வளர்த்தவளுக்கு அதுகூடத் தெரியாதான்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். ரெண்டு கன்னத்துலயும் குழி, யாருக்கோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சேன்.

அவர் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார். சாப்பிடும்போதும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்றார்.

ஒரு சின்ன உதவி. வாலுவோட மூணு வயசு போட்டோ ஒண்ணு அனுப்பு.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு,

பதில் வரல. அண்ணிகிட்ட போன்ல கேட்டேன், நீ சுகமா இருக்கறதாச் சொன்னாங்க. சந்தோஷம்.

போட்டோவை அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம். கேட்கல. நீ அனுப்பணும்.

தங்கச்சி


ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்ட போட்டோ இத்துடன் இருக்கிறது. வாலு, மூன்று வயது. பார்த்ததும் உனக்குப் புரியும். கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே புரிந்திருக்கும்.

அந்த மென்பொருள் மங்கலை நீக்குவதில்லை. அந்த இடத்தில் ஒரு முகம் எப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைந்து வைக்கும். முதலில் அது வரைந்த முகம் யாருடைய ஜாடையிலும் இல்லை, பொம்மை மாதிரி இருந்தது. மாமன் மகள், அத்தை மகள், எப்படியும் ஜாடை ஒத்துப்போகும் என்று வாலுவின் பழைய படங்களைக் கொடுத்தேன். நான் சிட்டுவைப் பார்த்ததே இல்லையே. சரியா தப்பா என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை. நீ "முகம் மறந்துட்டு வருது" என்று எழுதியிருந்தாய். ஏதாவது ஒரு முகம் இருந்தால் தேவலை என்று நினைத்துவிட்டேன்.

படத்தைக் கழற்றிக் கிழித்துவிடு. இங்கிருப்பதையும் அழித்துவிடுகிறேன். அழிக்கலாமென்று இன்று திறந்தேன். அது என்னையே பார்த்துச் சிரித்தது. மூடிவிட்டேன்.

நீ என்னைத் திட்டி எழுதினால் நிம்மதியாக இருக்கும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்


அக்டோபர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கோ. உன்னைத் திட்டணும்னுதான் ரெண்டு தடவை உட்கார்ந்தேன், வரல. இப்போ எல்லாம் சரியாப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

உன் கடிதாசி வந்த அன்னிக்கே படத்தைக் கழட்டிட்டேன். அவர் வந்து வெறும் ஆணியைப் பார்த்தார்.

"எடுத்துட்டியா?"

"அது அவ இல்ல"ன்னேன்.

"தெரியும். மாட்டின அன்னிக்கே தெரியும்."

"அப்போ ஏன் வாயே திறக்கல?"

"நீ சிரிச்சுட்டு இருந்தே. எத்தனை வருஷம் கழிச்சு! எப்படிச் சொல்றது?"

அப்புறம் ரெண்டு பேரும் அடுப்படியில நின்னுட்டே சண்டை போட்டோம் அண்ணா. அவ்வளவு வருஷத்துச் சண்டை. ஃபோகஸை என் மேல வச்சதுக்கு நான் கத்தினேன். "நான் உன்னைத்தான் எடுத்தேன், என் பொண்டாட்டியை எடுத்தேன், அது ஒரு குத்தமா?"ன்னு அவர் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்தினாங்க. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கடைசியில அவர் அழுதார். அதையும் நான் பார்த்ததில்ல. ஆசுபத்திரியிலகூட.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் குளியலறை ஜன்னலைப் போர்வை போட்டு மூடினார். பிலிம் கழுவற கடையில மிச்சம் மீதி தாளும் மருந்தும் வாங்கிட்டு வந்திருக்கார். என்னையும் உள்ள கூப்பிட்டார். சின்ன சிவப்பு பல்ப் மட்டும். நெகட்டிவைத் தாள் மேல அப்படியே வச்சு, மேல ஒரு கண்ணாடித் தகட்டை அமுக்கி, ஒரு நொடி வெள்ளை விளக்கைப் போட்டு அணைச்சார். பெரிசாக்கவே இல்ல. நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான், உள்ளங்கைக்குள்ள அடங்கும். தாளை மருந்துல போட்டுட்டு அசைச்சுட்டே இருந்தார். முதல்ல என் தலைமுடி வந்துச்சு. அப்புறம் பின்னால அவ.

காய வச்சு என் கையில குடுத்தார். "கையை நல்லா நீட்டிப் பிடி. கிட்ட கொண்டு போகாதே"ன்னார்.

பார்த்தேன்.

அவதான் அண்ணா. கலங்கலே இல்ல. தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, ஒரு தோளைத் தூக்கிக்கிட்டு, திருட்டு முழி முழிச்சுட்டு நிக்கறா. கண்ணு தனியா மூக்கு தனியா தெரியல. அவ தெரிஞ்சா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வர்ற நம்ம ஆளை நடையை வச்சே அடையாளம் கண்டுக்கறோமே, அப்படி.

அவர் சொன்னார்: "தெளிவு லென்ஸுல மட்டும் இல்ல. எவ்வளவு பெரிசாக்கிப் பார்க்கறோம்கறதுலயும் இருக்கு. அந்தக் கலங்கல் எல்லாம் இந்த அளவுல ஊசிமுனைக்குள்ள அடங்கிடும், கண்ணுக்குப் பிடிபடாது. கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து எல்லாரும் படத்தை இழுத்து இழுத்துப் பெரிசாக்கித்தான் பார்க்கறாங்க. நீ அவகிட்டப் போகப் போக அவ கலைஞ்சு போயிட்டு இருந்தா." நீயும் அதைத்தான் பண்ணியிருப்பே. இவ்வளவு படிச்சவனுக்கு இது தோணலையான்னு கேட்க மாட்டேன். அவருக்கே அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் தோணுச்சாம்.

நான் எதுக்குச் சிரிச்சேன்னும் அவர்தான் சொன்னார். "அவ உன் பின்னலைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தா. அதுக்குத்தான் நீ சிரிச்சே. நான் அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன்." பார்த்தா அவ கை என் முதுகுக்குப் பின்னாலதான் போகுது. கன்னத்துக் குழியைக் கேட்டேன். யோசிக்காமச் சொன்னார், இடதுன்னு. நாங்க ரெண்டு பேரும் அவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கோம். நிறையப் பேசல. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், நடுவுல நடுவுல ரெண்டு வார்த்தை.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும். முடியல. நீ பண்ணின அந்தப் பொண்ணு இன்னும் வர்றா.

முன்ன மாதிரி சிட்டுவோட இடத்துல வர்றதில்ல. தனியா வர்றா. வாசப்படிகிட்ட நின்னு உள்ள எட்டிப் பார்க்கறா. உன் பொண்ணும் இல்ல, என் பொண்ணும் இல்ல. யாரும் பெத்ததில்ல. யாரும் தூக்கினதில்ல. சில மாசம் நான் ஒருத்திதான் அவளைக் கொஞ்சினேன், அதுவும் வேற ஒருத்தின்னு நினைச்சு. கிழிக்கச் சொன்னே. கத்திரிக்கோலை எடுத்தேன். எங்க வெட்டுறது சொல்லு.

அவர்கிட்ட சொன்னேன். கேலி பண்ணுவார்னு நினைச்சேன். "எனக்கும் வர்றா"ன்னார்.

உன்கிட்ட இருக்கறதையும் அழிக்க வேண்டாம் அண்ணா. அவளுக்குப் போறதுக்கு வேற இடம் இல்ல.

அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு, நீயே வச்சுப் புழுங்காதே. மூணு பேரும் ஒரு நடை வந்துட்டுப் போங்க.

உன் தங்கச்சி